ஓடுகிற வண்டியிடம் கேள்

காலை ஆறு மணி இருபது நிமிடம். வண்டியில் நாற்பத்து மூன்று பேர். ஸ்டியரிங்கில் கோமதிநாயகம்.

மேல் டிவிஷனுக்குக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு எஸ்டேட்டின் மூன்றாம் நம்பர் பஸ் மலை ஏறிக்கொண்டிருந்தது. 2025, ஜூன் மாத மழை. ஆறாவது கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. டீசலின் அழுத்தம் குறைந்துவிட்டது என்று அந்த விளக்குக்கு அர்த்தம். அடுத்த நொடி எஞ்சின் இழுவையை விட்டது. பஸ் நின்றது. பிறகு பின்னால் நகர்ந்தது.

கோமதிநாயகம் கால் பிரேக்கையும் கை பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தார். பேச்சியம்மாள் என்ற தொழிலாளி குதித்து இறங்கி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்தார். வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இந்த மாசத்துல மூணாவது தடவை. உன் பஸ்ஸுக்குக் கல்லு வைக்கிறதுக்குத் தனியாச் சம்பளம் கேக்கப் போறேன்."

சாலையின் ஓரத்தில் எவ்வளவு ஆழம் என்று தெரியவில்லை. மூடுபனி இருந்தது. அது ஒரு வசதி.

முதல் தடவை நின்றபோது டீசல் ஃபில்டரை மாற்றினார்கள். இரண்டாம் தடவைக்குப் பிறகு டீசல் பம்பை மாற்றினார்கள். விளக்கைப் போடச் சொல்லும் ஸ்விட்ச்சையும் புதிதாகப் போட்டார்கள். மூன்றாம் தடவை நின்ற பிறகு மாற்றுவதற்குப் பாக்கியிருந்தது டிரைவர்தான். ஃபில்டரில் சேரும் தண்ணீரை அவர் தினமும் வடிக்கவில்லை, அதனால்தான் அழுத்தம் குறைகிறது என்று மேனேஜர் குற்றச்சாட்டு எழுதினார். சனிக்கிழமை விசாரணை. நிரூபணமானால் வேலை போகும். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கோமதிநாயகம் அந்த வீட்டில் பிறந்தவர். மகள் பிரசவத்துக்கு அந்த வீட்டுக்குத்தான் வந்திருந்தாள்.

விசாரணை முடியும்வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று உத்தரவு. ஷெட்டில் எலக்ட்ரீஷியனுக்குக் கையாளாகப் போட்டார்கள்.

எலக்ட்ரீஷியன் பெயர் ரெஜினா. முப்பத்தாறு வயது. பொள்ளாச்சியில் ஒரு லாரி ஷெட்டில் வயரிங் கற்றுக்கொண்டு, இரண்டு வருடம் முன்பு மலைக்கு வந்தவர். யாருக்கும் எழுந்து நிற்க மாட்டார் என்று பெயர். எப்போதும் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

கோமதிநாயகத்துக்கு ஐம்பத்திரண்டு. ஷெட் வாசலில் நின்று சொன்னார்:

"இந்தா பாரும்மா. ஸ்பானர் எடுத்துக் குடுக்க நான் வரல. என் வண்டி ஏன் நிக்குதுன்னு எனக்குத் தெரியணும். சனிக்கிழமைக்குள்ள கத்துக் குடு."

வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "சனிக்கிழமைக்குள்ளயா? எனக்குப் பதினஞ்சு வருஷம் ஆச்சு."

"உனக்கு வீடு போகல. எனக்குப் போகப் போகுது. அதனால சீக்கிரமா ஏறும்."

ரெஜினா வெளியே வந்தார். கையைத் துணியில் துடைத்தார். கோமதிநாயகத்தின் முகத்தை ஒரு தடவை பார்த்தார்.

"சரி, கேளுங்க அண்ணே."

"விளக்கு எரியுது. அது நெசம் சொல்லுதா, பொய் சொல்லுதா?"

ரெஜினா மூன்றாம் நம்பர் பஸ்ஸின் எஞ்சின் மூடியைத் திறந்தார். ஃபில்டரின் தலையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு ஸ்விட்ச். அதைக் காட்டினார்.

"டீசல் நல்லா அழுத்தமா வர்ற வரைக்கும் இது ரெண்டு வயரையும் சேத்துப் பிடிச்சிருக்கும். அழுத்தம் குறைஞ்சா விட்டுரும். விட்டா, சீட்டுக்கு அடியில இருக்கிற கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சேதி போகும். பெட்டி விளக்கைப் போட்டு, எஞ்சினோட பலத்தைக் குறைச்சிரும். அவ்வளவுதான் இதோட வேலை."

பிறகு ஸ்விட்ச்சின் பிளக்கைக் கழற்றினார். கம்ப்யூட்டர் பெட்டியிலும் கழற்றினார். இடையில் ஓடும் வயரின் இரண்டு முனையிலும் மீட்டரின் ஊசிகளை வைத்தார். மீட்டர் கீயென்று கத்தியது.

"என்ன சொல்லுது?"

"கத்துது."

"கத்துனா, இந்த முனையும் அந்த முனையும் ஒண்ணா இருக்குன்னு அர்த்தம்."

"அப்ப வயர் நல்லாருக்கு."

"யாரு சொன்னா?"

"நீதான சொன்னே?"

"மீட்டர் கத்துறதுக்கு அர்த்தம் சொன்னேன். வயர் நல்லாருக்குன்னு நான் சொல்லல. வண்டி எங்க நிக்குது?"

"ஷெட்ல."

"பழுது எங்க வருது?"

"ஆறாவது வளைவுல. ஏத்தத்துல."

"நிக்கிற வண்டிகிட்ட கேட்டா நிக்கிற பதில்தான் வரும்" என்றார் ரெஜினா. மீட்டரை அவர் கையில் கொடுத்துவிட்டு மறுபடி வேறு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஏழாம் நம்பர் பஸ்ஸின் டிரைவர் கபீர், டீ கிளாஸோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணே, டீச்சர் வீட்டுப் பாடம் குடுத்துட்டாங்களா?"

"உனக்கு வேலை இல்லையா?"

"அண்ணனைச் சாதாரணமா நினைக்காதீங்க டீச்சர்" என்றார் கபீர், வண்டிக்கு அடியில் தெரிந்த செருப்புகளைப் பார்த்து. "போன ஆயுத பூஜைக்கு மலையைச் சுத்தி வந்தப்ப எல்லா வண்டியிலயும் கட்டுன வாழை பாதி வழியில சாஞ்சுது. அண்ணன் வண்டியில மட்டும் சாயல. ஒரு மாசம் அதையே சொல்லிக்கிட்டிருந்தாரு."

"சாயலதான?" என்றார் கோமதிநாயகம்.

கபீர் கேலிக்குச் சொன்ன பெயரைக் கோமதிநாயகம் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவரும் ரெஜினாவை டீச்சர் என்றே கூப்பிட்டார். அதில் கேலி எவ்வளவு என்று அவருக்கே தெரியாது.

புதன்கிழமை மேனேஜர் ஹரிகிருஷ்ணன் ஷெட்டுக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. மழைக்காலத்தில் கொழுந்து காத்திருக்காது, இரண்டு நாள் விட்டால் முற்றிவிடும். ஆள் ஏற்ற பஸ் வேண்டும். மேலே இருப்பவர்கள் அவரைத் தினமும் போனில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ரெஜினா, இன்னிக்கு இதை முடிச்சிடுங்க. அஞ்சாம் நம்பர்லயும் ஏழாம் நம்பர்லயும் பண்ணியிருக்கிற மாதிரி டைரக்ட் பண்ணிடுங்க."

ரெஜினா வருவதற்கு முன்பு இருந்த எலக்ட்ரீஷியன், அந்த இரண்டு பஸ்களிலும் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றிவிட்டிருந்தார். அதன் பிறகு ஸ்விட்ச் என்ன சொன்னாலும் பெட்டிக்குப் போகாது. அழுத்தம் எப்போதும் சரி என்றே பெட்டி நினைத்துக்கொண்டிருக்கும்.

"பண்ண முடியாது சார்."

"முடியாதா, மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"எனக்கு இந்த வியாக்கியானமெல்லாம் வேணாம். அந்த விளக்கு எரியக் கூடாது. அவ்வளவுதான்."

ரெஜினா பஸ்ஸில் ஏறினார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் கையை விட்டு எதையோ திருகினார். இறங்கி வந்து மேனேஜரின் உள்ளங்கையில் வைத்தார். நெல்லிக்காயில் பாதி அளவில் ஒரு பல்பு.

"இனிமே எரியாது சார்."

வாசலில் நின்றிருந்த கபீர் சிரிப்பை மறைக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"விளையாடுறீங்களா?"

"நீங்க கேட்டதைத்தான் குடுத்தேன்."

"ஷெட்டுக்கு வெளிய நிக்க வேண்டியிருக்கும், ரெஜினா."

"பழுது பாக்காத வண்டியெல்லாம் வெளியதான் சார் நிக்குது. பாத்துக்கிட்டே நிக்கிறேன்."

ஹரிகிருஷ்ணன் பல்பை பஸ்ஸின் படியில் வைத்தார். "சனிக்கிழமை வரைக்கும் டைம். அதுக்கப்புறம் வெளியாளைக் கூப்பிட்டுப் பண்ணிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

ஜீப் சத்தம் அடங்கியது. கோமதிநாயகத்துக்குக் கோபம் வந்தது. மேனேஜர் மேல் இல்லை.

"ஏன் டீச்சர் முடியாதுன்னே? அஞ்சும் ஏழும் ஓடிட்டுத்தான இருக்கு? என் வண்டிக்கும் அப்படிப் பண்ணியிருந்தா நான் இன்னிக்கு ஸ்டியரிங்ல இருந்திருப்பேன். விசாரணையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

ரெஜினா பல்பை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மரப்பெட்டி மேல் உட்கார்ந்தார்.

"ஒரு லைன்ல யானை வந்து ரேஷன் கடையை உடைச்சுது. அரிசி ருசி கண்டுருச்சு. அதனால ஒருத்தனைப் பரண்ல உக்கார வச்சாங்க. யானை வந்தா அவன் கத்தணும்."

"சரி."

"அவன் கத்துனான். எல்லாரும் எந்திரிச்சாங்க. மறுநாளும் கத்துனான், எந்திரிச்சாங்க. காலையில வேலைக்குப் போகணும், தூக்கம் இல்ல. ஒரு நாள் நாலு பேரு போய் அவன் வாயில துணியை வச்சுக் கட்டிட்டாங்க."

"அப்புறம்?"

"எல்லாரும் நல்லாத் தூங்குனாங்க."

"யானை வந்துச்சா?"

"அது கதையில இல்ல" என்றார் ரெஜினா. எழுந்து வேலையைப் பார்க்கப் போனார்.

கோமதிநாயகம் அன்று வீட்டுக்குப் போகும்போது ஏழாம் நம்பர் பஸ்ஸைக் கடந்து போனார். கபீர் தன் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோமதிநாயகம் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நடந்தார்.

வியாழக்கிழமை மழை விட்டிருந்தது. ரெஜினா ஃபில்டரின் தலையில் ஒரு குழாயை மாட்டி, அதன் மறுமுனையில் முள் வைத்த கடிகாரம் போன்ற ஒரு கேஜை இணைத்து, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் கட்டினார். டீசலின் அழுத்தத்தை அந்த முள் நேராகவே காட்டும். நடுவில் வயர் இல்லை, பெட்டி இல்லை. பிறகு, சந்தேகப்பட்ட வயரை இரண்டு முனையிலும் கழற்றி, நீளமான ஒயர்கள் போட்டு மீட்டரில் சேர்த்தார். கடைசியில், இரண்டு பக்கமும் கிளிப் வைத்த ஒரு முழம் சிவப்பு ஒயரை எடுத்துப் பெட்டியில் மாட்டினார்.

கோமதிநாயகம் அதைப் பார்த்தார். நான்கு நாளில் அவருக்கு அந்த அளவு தெரிந்திருந்தது.

"இது டைரக்ட்தான டீச்சர்?"

"ஆமா."

"நேத்து மேனேஜர்கிட்ட மாட்டேன்னு சொன்னே."

"கேள்வி கேக்கிறதுக்காகப் போடுறது வேற. வாயைக் கட்டுறதுக்காகப் போடுறது வேற. இது சாயங்காலம் என் பைக்கு வந்துரும்."

கபீர் ஓட்டினார். பேருந்தில் ஆள் ஏற்றவில்லை. பாரத்துக்கு உர மூட்டைகளை ஏற்றினார்கள். எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, ரெஜினா அதன் ஒரு பக்கம் உட்கார்ந்தார். கோமதிநாயகம் மறுபக்கம் தரையில் உட்கார்ந்தார். மடியில் மீட்டர். கண்ணுக்கு நேராகக் கேஜ்.

"ரெண்டையும் பாக்கணும். ஒண்ணைக் காதால, ஒண்ணைக் கண்ணால" என்றார் ரெஜினா.

மீட்டர் கத்திக்கொண்டே வந்தது. ஒன்றாவது வளைவு, இரண்டாவது. "இந்தச் சத்தத்துக்கு யானையே ஓடிரும்" என்றார் கபீர். யாரும் சிரிக்கவில்லை. ஐந்தாவது வளைவு தாண்டியது. ஆறாவது வளைவில் கபீர் முதல் கியருக்கு மாற்றி அழுத்தினார். எஞ்சின் தன் இடத்திலிருந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து குலுங்கியது.

மீட்டர் நின்றது.

கேஜின் முள் அசையவில்லை.

கோமதிநாயகம் முள்ளையே பார்த்தார். எஞ்சின் குலுங்கியது, மீட்டர் மூச்சு விடவில்லை, முள் ஊசிமுனை அளவும் கீழே இறங்கவில்லை. டீசல் நன்றாக வந்துகொண்டிருந்தது. ஃபில்டரில் தண்ணீர் இல்லை. எந்த நாளும் இருந்ததில்லை. வளைவு முடிந்து சாலை சமமானதும் மீட்டர் மறுபடி கத்தத் தொடங்கியது.

"பாத்தீங்களா?" என்றார் ரெஜினா.

"பாத்தேன். எழுதித் தருவியா?"

"எழுதித் தர்றேன். ஆனா எங்க அறுந்திருக்குன்னு இன்னும் தெரியல. பாதி பதிலுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ஏழாவது வளைவுக்கு மேல் ஒரு டீக்கடை உண்டு. அங்கே நிறுத்தினார்கள். கபீர் டீ சொல்லப் போனார். ரெஜினா வயர்க்கட்டின் ஒரு முனையைக் கோமதிநாயகத்தின் கையில் கொடுத்தார்.

"கண்ணை நம்பாதீங்க. வெளிய பிளாஸ்டிக் முழுசா இருக்கும், உள்ள செம்பு அறுந்திருக்கும். விரலால தடவிட்டே போங்க. ஒவ்வொரு இடமா வளைச்சுப் பாருங்க. மீட்டர் எங்க வாயை மூடுதோ அங்க நிறுத்துங்க."

அவர் தடவிக்கொண்டே போனார். ஃபில்டர் பக்கம் ஒன்றும் இல்லை. எஞ்சினைச் சுற்றி வந்தார். ஒன்றும் இல்லை. ரேடியேட்டர் ஓரமாக வயர்க்கட்டு முன்பக்கக் கிரில்லுக்குப் பின்னால் திரும்பும் இடத்தில் விரல் நின்றது. அங்கே வயர்க்கட்டு தளர்ச்சியாகத் தொங்க வேண்டும். எஞ்சின் குலுங்கும்போது கூட ஆட இடம் வேண்டும். தொங்கவில்லை. கிரில்லின் இரும்புச் சட்டத்தோடு இறுக்கிப் பிடித்துக் கட்டியிருந்தது. லேசாக வளைத்தார். மீட்டர் வாயை மூடியது. விட்டார். கத்தியது.

அவர் குனிந்து பார்த்தார்.

துருப்பிடித்த கட்டுக்கம்பி. மூன்று முறுக்கு முறுக்கி, யார் கையிலும் குத்தாமல் இருக்க நுனியை உள்பக்கமாக மடக்கி விட்டிருந்தது. எஸ்டேட்டில் அப்படி நுனியை மடக்குகிறவர் ஒருவர்தான்.

போன அக்டோபரில் மற்றவர்கள் வாழையைச் சணலில் கட்டினார்கள். கோமதிநாயகம் கட்டிடவேலை நடக்கும் இடத்திலிருந்து கம்பி வாங்கி வந்தார். கிரில்லுக்குள் கையை விட்டு, கெட்டியாக எது அகப்பட்டதோ அதையும் சேர்த்து வளைத்துக் கட்டினார். பூஜை முடிந்ததும் வாழையை அரிவாளால் வெட்டிப் போட்டார். கம்பியை விட்டுவிட்டார். எட்டு மாதமாக அது அங்கே இறுக்கிக்கொண்டிருந்தது.

ரெஜினாவும் குனிந்து பார்த்தார். அவருக்கு அந்த முடிச்சு யாருடையது என்று தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அவர் கம்பியை ஒரு நொடிதான் பார்த்தார். பிறகு கோமதிநாயகத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீக்கடையில் கபீர் யாரிடமோ சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது.

"இந்தக் கம்பியை எடுத்துட்டு வயரை மாத்திட்டா சரியாயிரும்ல டீச்சர்?"

"ஆயிரும்."

"நீ என்ன எழுதுவே?"

"வயர் உள்ளுக்குள்ள அறுந்திருந்துச்சு. டீசல் அழுத்தம் சரியா இருந்துச்சு. ரெண்டும் நான் பாத்தது."

"எதனால அறுந்துச்சுன்னு கேட்டா?"

"என்னைக் கேட்டா, கம்பி கட்டியிருந்துச்சுன்னு சொல்லுவேன். யார் கட்டினதுன்னு நான் பாக்கல."

கோமதிநாயகம் அந்தச் சொற்களை வாங்கி வைத்துக்கொண்டார். அவற்றில் பொய் இல்லை. வீடு இருந்தது. அவற்றை மட்டும் மேஜைக்குக் கொண்டுபோனால் போதும். அவர் இடுக்கியால் முடிச்சைப் பிரித்துக் கம்பியை வெளியே இழுத்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். கீழே சரிவு. எறிந்தால் தேயிலைச் செடிக்குள் போய்விடும்.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"பேசாம இருந்துட்டா என்ன?"

ரெஜினா கம்ப்யூட்டர் பெட்டிப் பக்கம் போனார். காலையில் மாட்டிய சிவப்பு ஒயரைக் கழற்றினார். அதை ஒழுங்காகச் சுற்றி, கோமதிநாயகத்தின் முன்னால் நீட்டினார்.

"வேணுமா, அண்ணே?"

அவர் அந்த ஒயரைப் பார்த்தார். ரெஜினாவின் கை நீட்டியபடியே இருந்தது. கபீர் மூன்று கிளாஸ் டீயைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தார்.

கோமதிநாயகம் துருப்பிடித்த கம்பியை நான்காக மடித்துக் காக்கிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார்.

சனிக்கிழமை விசாரணை எஸ்டேட் ஆபீஸில் நடந்தது. ஹரிகிருஷ்ணன் ரெஜினாவின் அறிக்கையை இரண்டு தடவை படித்தார்.

"அழுத்தம் சரியாத்தான் இருந்திருக்கு. நல்லது கோமதி, உங்களுக்கு அதிர்ஷ்டம். வயர் பழசு, அறுந்து போச்சு. முடிச்சுக்கலாம்."

கோமதிநாயகம் பொத்தானைக் கழற்றிக் கம்பியை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"வயர் பழசு இல்ல சார். வாழை கட்டுறதுக்கு நான் கட்டின கம்பி. வயரையும் சேத்துக் கட்டிட்டேன். அதான் அறுந்துச்சு."

அறையில் இருந்தவர்கள் கம்பியைப் பார்த்தார்கள். ஹரிகிருஷ்ணன் பேனாவை மூடினார்.

"அப்ப தப்பை ஒத்துக்கிறீங்க."

"இதை ஒத்துக்கிறேன். ஃபில்டர்ல தண்ணி வடிக்கலைன்னு எழுதியிருக்கீங்களே, அதை ஒத்துக்க மாட்டேன். அதை அடிச்சாத்தான் எதுலயும் கையெழுத்துப் போடுவேன்."

"தண்டனைன்னு வந்தா ரெண்டும் ஒண்ணுதான்."

"எனக்கு ஒண்ணு இல்ல. செஞ்சதுக்குத் தண்டனை குடுங்க. செய்யாததுக்கு வேணாம்."

"வேற ஏதாவது இருக்கா?" அது முடித்துவைப்பதற்காகக் கேட்ட கேள்வி.

"இருக்கு சார். அஞ்சாம் நம்பர்லயும் ஏழாம் நம்பர்லயும் போட்டிருக்கிற டைரக்டைப் பிரிக்கணும். பிரிக்காம நான் எந்த வண்டியிலயும் ஏற மாட்டேன்."

"கோமதி, உங்களை யாரும் எதுவும் கேக்கல. நான் முடிச்சுக்கலாம்னேன். பேசாம இருந்திருந்தா இந்நேரம் வெளிய போய் டீ குடிச்சிட்டு இருப்பீங்க."

"எது நடந்தாலும் பேசாம இருக்கிறது உங்ககிட்ட ரெண்டு இருக்கு சார், அஞ்சுலயும் ஏழுலயும். மூணாவதா நான் வேணாம்."

ஹரிகிருஷ்ணன் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே கபீர் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. அவர் உள்ளே வந்தார். ஏழாம் நம்பர் பஸ்ஸின் சாவியை எடுத்து, கம்பிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"என் வண்டியில அந்த விளக்கு எரியவே எரியாதாம் சார். இன்னிக்குத்தான் முழுசாப் புரிஞ்சுது. எரியிற மாதிரி பண்ணிக் குடுங்க, எடுத்துக்கிறேன்."

முடிவு அன்று மாலையே வந்தது. ஃபில்டர் குற்றச்சாட்டை அடித்திருந்தார்கள். கம்பிக்காகக் கோமதிநாயகத்துக்கு ஒரு மாதம் பணியிடை நீக்கம், சம்பளம் கிடையாது. வீட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஐந்தாம் நம்பரையும் ஏழாம் நம்பரையும் பற்றி, பரிசீலிக்கப்படும் என்று இருந்தது. சாவி இரண்டு நாள் மேஜையிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் காலையில் இரண்டு பஸ்களும் ஷெட்டுக்கு வந்தன.

உத்தரவு கையில் கிடைத்த அன்றே கோமதிநாயகம் ஷெட்டுக்குப் போயிருந்தார். வண்டிக்கு அடியில் செருப்புகள் தெரிந்தன.

"ஒரு மாசம் உக்காத்தி வச்சுட்டாங்க டீச்சர்."

"கேள்விப்பட்டேன்."

"வீட்டுல திட்டுறாங்க. மக பேசவே இல்ல. வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல, முடிச்சுக்கலாம்னுதான சொன்னாருன்னு சம்சாரம் கேக்குறா."

செருப்புகள் அசையவில்லை.

"நீ சொல்லு. நான் பண்ணினது சரியா?"

ரெஜினா வெளியே வரவில்லை. கை மட்டும் வெளியே வந்தது. அதில் மீட்டர் இருந்தது.

"நிக்கிற எடத்துல நின்னுக்கிட்டு ஏன் அண்ணே கேக்குறீங்க?"

அவர் மீட்டரை வாங்கிக்கொண்டார்.

2025 செப்டம்பர் 9, செவ்வாய்க்கிழமை. ஐந்தாம் நம்பர் பஸ்ஸின் டிரைவர் லீவு, கோமதிநாயகம் ஓட்டினார். எட்டாவது வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் மஞ்சள் விளக்கு எரிந்தது. பஸ்ஸை ஓரங்கட்டினார். டீசல் குழாயில் விரிசல் விழுந்து, கொதிக்கும் சைலன்சர் குழாய்க்கு ஒரு விரல் தள்ளி டீசல் சொட்டிக்கொண்டிருந்தது. முப்பத்தெட்டுப் பேர் இறங்கி மேல் டிவிஷனுக்கு நடந்தார்கள். பேச்சியம்மாள் வழி முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே போனார்.